பாட்டன் உண்ட கூழும் பேரனின் ஈரலும்

எமது நாட்டிலே இப்போது ஒரு புதிய பக்தி பரவி வருகிறது. அது முன்னோர் உணவின் மேல் எழுந்த பக்தி. ஒரு காலத்தில் ஏழையின் அடுப்பங்கரையில் மட்டுமே கிடந்த குரக்கன் மாவும் சாமையும் வரகும் ஒடியலும், இன்று வண்ணப் பொதிகளில் அடைபட்டு நகரத்துக் கடைகளின் கண்ணாடித் தட்டுகளில் ஏறி அமர்ந்திருக்கின்றன. கலியாண வீடானாலும் செத்த வீடானாலும், நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு நோயிலே தொடங்குகிறது, "எங்கட பாட்டன் பூட்டன் சாப்பிட்டதையே நாங்களும் சாப்பிட்டிருந்தால் இந்த வருத்தமெல்லாம் வருமோ?" என்ற கேள்வியிலே வந்து முடிகிறது.

அந்த வருத்தங்களின் வரிசையில் சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில் இப்போது ஈரற்கொழுப்பு நோயும் இடம்பிடித்துவிட்டது. முன்னோர் வழியை விட்டோம், ஈரல் கெட்டது. முன்னோர் வழிக்கு மீண்டால் ஈரல் தேறும் என்பது பலரின் முடிவு. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மையின் முதுகிலே ஒரு பொய்யும் ஏறிச் சவாரி செய்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. மனிதன் எதை உண்கிறான் என்ற கேள்வியோடு, அவன் என்ன வேலை செய்கிறான், யாருடைய நிலத்தில் செய்கிறான், என்ன கூலி பெறுகிறான் என்ற கேள்விகளும் கூடவே பிறக்கின்றன அன்றோ?

முதலில் ஈரலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். வளர்ந்த மனிதனின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுடையது. குடல் உறிஞ்சும் சத்துகளிற் பெரும்பகுதி முதலில் அங்கேதான் போய்ச் சேர்கிறது. உடல் செலவழிக்கக்கூடிய அளவுக்கு மேலே மாச்சத்தும் சீனியும் நாள்தோறும் வந்து குவியுமானால், ஈரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றுகிறது. சீனியிற் பாதி பிரக்டோஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. அதைக் கையாளும் பொறுப்பின் பெரும்பகுதி ஈரலின் தலையிலேயே விழுகிறது. இன்சுலினின் கட்டளைக்கு உடல் செவ்வனே கீழ்ப்படியாத நிலை வரும்போது, வயிற்றிலும் பிறவிடங்களிலும் சேர்ந்த கொழுப்பும் இரத்தத்தோடு ஈரலை வந்தடைகிறது. ஈரற் கலங்களில் 100 க்கு 5 க்கு மேற்பட்டவற்றிலே கொழுப்புப் படிந்தால் அதை நோய் என்று கணிக்கின்றனர். வலியில்லை, காய்ச்சலில்லை, பல்லாண்டுகள் வாய் திறவாமல் இருக்கும். பலரில் அது அந்த அளவோடு நின்றுவிடுகிறது. சிலரில் அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் இறுகும் சிரோசிஸ் ஆகி, புற்றுநோய்வரைக்கும் போகிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு இருதய நோய் வரும் ஆபத்தும் அதிகம்.

எனது ஈரலில் கொழுப்பு இருப்பது, ஐம்பத்தெட்டாவது வயதில், பித்தப்பைக் கல்லைத் தேடி எடுத்த ஸ்கான் பரிசோதனையிலே தற்செயலாகத் தெரியவந்தது. செய்தி அயலுக்குள் பரவ ஒரு நாள் போதுமாயிருந்தது. "மாஸ்ரர் குடிக்கிறவரெண்டு இவ்வளவு நாளும் தெரியாதே!" என்றார் வேலிக்கு அப்பால் நின்ற ஒருவர். நான் மது அருந்துவதில்லை. ஆனால் ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்ற எண்ணம் எங்கள் சமுதாயத்தில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. மருத்துவ உலகமே நெடுங்காலமாக இந்நோயை 'மது சாராத ஈரற்கொழுப்பு நோய்' என்றுதான் அழைத்துவந்தது. அதாவது எது காரணமன்று என்பதைக் கொண்டே அதற்குப் பெயர் வைத்திருந்தது. 2023 ஆம் ஆண்டிலேதான் உலக நிபுணர்கள் அப்பெயரை மாற்றி, உடலின் வளர்சிதைமாற்றச் சீர்கேட்டோடு இணைத்துப் புதிய பெயர் சூட்டினர். மதுவும் ஈரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடியாதவனின் ஈரலிலும் கொழுப்பேறுகிறது. அப்படி ஏறுபவர்களின் தொகை சிறிதன்று. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007 ஆம் ஆண்டில் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான நகர மக்களைப் பரிசோதித்தபோது, 100 க்கு ஏறக்குறைய 33 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. மூன்று பேரில் ஒருவர்!

இனி முன்னோரிடம் வருவோம்.

என் தாய்வழிப் பாட்டனார் வடமராட்சியிலே புகையிலையும் வெங்காயமும் பயிரிட்டவர். நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வருமுன், விடியற்கருக்கலில் துலாவில் ஏறி மிதித்தவர். ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் துலாவிலே முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் வாய்க்காலில் நீரைத் திருப்புவார். வெயில் ஏறியபின் பழஞ்சோற்றுத் தண்ணீரும் சின்ன வெங்காயமும். மதியம் குரக்கன் பிட்டோ, குத்தரிசிச் சோறோ. அதனோடு முருங்கையிலை வறை, கீரை, கிடைத்தால் சிறுமீன். தேநீருக்கு உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. கடித்துக் கடித்துக் குடிப்பார். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிப்பதற்காகப் பொழுதுபட்டதும் இராச்சாப்பாடு முடிந்துவிடும்.

இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு பார்த்தால் இந்த வாழ்க்கை ஈரலுக்கு உகந்ததாகவே தோன்றுகிறது. தவிடு போகாத தானியமும் கீரையும் பயறும் நார்ச்சத்தைத் தந்தன. சீனி குறைவு. உண்ட மாச்சத்தை உழைக்கும் தசைகள் செலவழித்தன. ஈரலிலே தேங்குவதற்கு மிச்சம் இருக்கவில்லை. உடல் நிறை குறையாவிட்டாலும் உடலுழைப்பு ஈரற்கொழுப்பைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முன்னோர் உணவைப் போற்றுவோர் சொல்வதில் உண்மையான பகுதி இதுவே.

ஆனால் கூழ் குடித்தவன் ஏன் கூழ் குடித்தான் என்று அவர்கள் கேட்பதில்லை. ஒடியல் என்பது பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிலே காயவைத்து, பஞ்ச காலத்துக்கென்று பானையில் சேமித்துவைத்த பொருள். வயல் உடையவன் நெற்சோறு உண்டான். வயலில் உழைத்தவன் கூழ் குடித்தான். கூழைச் சுற்றி இன்று நாம் பண்பாட்டு விழா நடத்துகிறோம். அந்தக் கூழைக் குடித்து வளர்ந்த மக்களிற் பெரும்பகுதியினரைத்தான் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் வாசலுக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றின. 1960 களின் பிற்பகுதியில் அக்கடைகளுக்குள் நுழைவதற்காக அவர்கள் போராடவேண்டியிருந்தது. உணவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உண்டவனை மறந்துவிடுவது எந்த வகை மரபுப் பற்று?

அந்தக் காலம் ஆரோக்கியத்தின் பொற்காலமும் அன்று. 1934–35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிராமங்களுக்கு நிவாரணப் பணிக்குச் சென்ற இடதுசாரி இளைஞர்கள் கண்டது கொசுவை மட்டுமன்று. நாட்பட்ட பட்டினியால் எதிர்த்து நிற்க வலுவிழந்த உடல்களையும் கண்டனர். தாய் பிரசவத்தில் இறந்தாள். சிசு தொட்டிலில் இறந்தது. அக்காலத்தில் ஈரற்கொழுப்பு அரிது என்றால், அது வருவதற்குரிய வயதை எட்டாமலே பலர் மாண்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமே.

அப்படியிருந்த உணவு எப்படி மாறியது? "நாக்குக்கு அடிமையானோம்" என்பது சுலபமான விடை. சோற்றின் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1953 ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் பதவி துறந்தார். இந்த நாட்டில் ஒரு பிடி அரிசி எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மறு பக்கத்தில், அமெரிக்கா தனது மிதமிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1954 ஆம் ஆண்டில் 480 ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் புறப்பட்ட கோதுமை மா எங்கள் துறைமுகத்துக்கும் வந்தது. 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டது. 1980 இல் திருகோணமலையில் மாபெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. வயலில் கோதுமை விளையாத ஒரு நாடு, காலையில் பாணும் இரவில் கொத்து ரொட்டியும் உண்ணும் நாடாக மாறியது இப்படித்தான்.

வேலையும் மாறியது. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய பெண்ணுக்குக் குரக்கனை இடித்து அரித்து வறுத்துப் பிட்டவிக்க நேரம் ஏது? பாண் வாங்கினால் பத்து நிமிடத்தில் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். அவள் பாணைத் தேர்ந்தெடுத்தாள் என்பதைவிட, அவளது நேரத்தை விலைக்கு வாங்கியவர்கள் அவளுக்காகப் பாணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே பொருந்தும்.

வடக்கிலே இடையில் ஒரு விசித்திரமான காலமும் வந்துபோயிற்று. 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் இல்லை. சீனி கிடைப்பது அரிது. பேராசிரியரும் கூலியாளும் சைக்கிளிலே சென்றனர். "அந்த நாளில் ஒருத்தருக்கும் வயிறு வைக்கவில்லை" என்று இன்று சிரித்துக்கொண்டு சொல்வோர் உண்டு. சுகமான மறதி! ஷெல்லுக்கும் பட்டினிக்கும் மருந்தின்மைக்கும் பலியானவர்கள் அந்தச் சிரிப்பிலே கலந்துகொள்ள வரமாட்டார்கள். முற்றுகை தந்த மெலிவை ஆரோக்கியம் என்று கொண்டாடும் மனமும், பஞ்சம் தந்த கூழை ஞானம் என்று கொண்டாடும் மனமும் ஒரே மனந்தான். 2009 இல் போர் முடிந்து பாதை திறந்தபின் மோட்டார் சைக்கிளும் குளிர்பானமும் பொரித்த கோழியும் தவணைக் கடனும் ஒன்றாகவே வந்து இறங்கின.

ஆசிரியத் தொழிலில் என் முதற் பதினொரு ஆண்டுகள் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே கழிந்தன. 'உழைத்தால் ஈரல் கெடாது' என்ற நம்பிக்கைக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பெரட்டுக்களத்துக்கு விடியலில் போகும் பெண், மழையிலும் பனியிலும் செங்குத்தான மலைச்சரிவிலே முதுகில் கூடையோடு நாள் முழுவதும் ஏறி இறங்குகிறாள். அவளைவிட உடலுழைப்பு மிக்கவர் இந்நாட்டில் யார்? அப்படிப்பட்ட தொழிலாளர் வாழும் நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் எடுத்த ஆய்வொன்று 2011 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அங்கே பரிசோதிக்கப்பட்டவர்களில் 100 க்கு 18 பேரிடம் ஈரற்கொழுப்பு நோய் காணப்பட்டது. ராகமை நகரத்தைவிடக் குறைவுதான்; உழைப்பு ஓரளவு காக்கிறது. ஆயினும் வருமானம் குறைந்த, உடல் வருந்தி உழைக்கும் மக்களிடையே ஐந்தில் ஒருவரை நெருங்கும் தொகை அது. இந்நோய் சோம்பேறிப் பணக்காரனின் நோய் என்ற எண்ணம் அந்த மலைச்சரிவிலே சறுக்கி விழுகிறது.

இந்த மக்களிடம் போய், "உங்கள் முன்னோர் உணவுக்குத் திரும்புங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எந்த முன்னோர்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் கம்பும் கேழ்வரகும் உண்டு பழகியவர்கள். தோட்டம் அவர்களுக்கு இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிலே கழித்துக்கொண்டது. முன்னோர் தானியத்துக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு அன்றே அறுபட்டது. பின்னர் கோதுமை மா வந்தது. தடித்த ரொட்டியும் சம்பலும் சீனி நிறைந்த வெறுந்தேநீரும் லயன் காம்பராவின் உணவாயின. விதைக்க நிலமில்லாதவனுக்கு மலிவான சக்தியைத் தருவன மாவும் சீனியுமே. என் வகுப்பிலே காலைச் சாப்பாடின்றி வந்த பிள்ளைகள் இடைவேளையில் குடித்ததும் அதே இனிப்புத் தேநீர்தான்.

அந்தப் பிள்ளைகளின் உயரத்தை நான் மறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளையாகத் தோற்றமளிக்கும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 100 க்கு ஏறக்குறைய 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர். ஒரே லயத்திலே, ஒரே கூரையின் கீழ், வளர்ச்சி குன்றிய பிள்ளையும் ஈரலில் கொழுப்பேறிய தந்தையும் வாழ்கிறார்கள். இது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்டினியை அறிந்த உடல், பின்னாளில் மிஞ்சிய மாச்சத்தையும் சீனியையும் தாங்கும் ஆற்றல் குறைந்ததாக அமைகிறது என மருத்துவ ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தென்னாசிய மக்களின் கை கால்கள் மெலிந்திருக்க, வயிற்றுக்குள்ளே கொழுப்புச் சேர்கிறது. பார்வைக்கு ஒல்லியானவரிடத்தும் நோய் ஒளிந்திருக்கிறது. ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டில் கூறியதற்கும் இதுவே அடிப்படை. எனவே முன்னோர் எமக்கு விட்டுச்சென்றது உணவு முறையை மட்டுமன்று. அவர்களின் பசியையும் விட்டுச்சென்றிருக்கிறார்கள். அந்தப் பசி எங்கள் உடலில் இன்னும் குடியிருக்கிறது.

இவ்வளவையும் மறைத்துவிட்டு, பொதியில் அடைத்த குரக்கன் மா எங்களுக்கு மீட்சி தரும் என்கிறது சந்தை. குரக்கன் நல்ல தானியந்தான். ஆனால் அதிலும் மாச்சத்து உண்டு. அளவின்றி உண்டால் அதுவும் சுமையே. பனங்கட்டியும் ஈரலின் கணக்கில் பெரும்பாலும் சீனியே. பாட்டனார் ஒரு துண்டைக் கடித்து ஒரு குவளை குடித்தார். பேரன் 'இயற்கை இனிப்பு' என்ற நம்பிக்கையில் மூன்று கரண்டி கரைத்துக் குடிக்கிறான். 'ஈரலைக் கழுவும்' என்று விற்கப்படும் சூரணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அவற்றிற் சில ஈரலையே தாக்கக்கூடியவை.

முன்னோர் உணவைப் போற்றும் ஆண்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த உணவின் பின்னால் ஓர் உலக்கை இருந்தது. உலக்கையின் பின்னால் ஒரு பெண் இருந்தாள். என் அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பு அவர் இறக்கும்வரை மறையவில்லை. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வரும் மகளிடம் அந்த உலக்கையை மீண்டும் நீட்டுவதற்குப் பெயர் மரபாயின், அம்மரபு எமக்கு வேண்டாம். ஆணும் அடுப்படிக்குள் வரட்டும். பிறகு குரக்கன் பிட்டைப் பற்றிப் பேசுவோம்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? மருத்துவம் கூறும் வழி எளிமையானதே. உடல் நிறை மிகுந்தவர் அதில் 100 க்கு 7 முதல் 10 பங்கு வரை குறைத்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் தணிகின்றன. சீனிப் பானங்களை விடுவது, தட்டிலே சோற்றைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் கூட்டுவது, நாள்தோறும் விரைந்து நடப்பது ஆகியவையே முதல் மருந்து. நான் இவற்றைச் செய்கிறேன், பயனும் காண்கிறேன். ஆனால் ஓய்வூதியம் பெறும் ஆசிரியனுக்கு மாலையில் நடப்பதற்கு நேரமுண்டு. வீட்டுப் பின்புறத்தில் கீரைப் பாத்திக்கு நிலமுண்டு. இந்த இரண்டுமே இல்லாத தோட்டத் தொழிலாளிக்கும் சுதந்திர வர்த்தக வலயத்துப் பெண்ணுக்கும் இதே அறிவுரையை அச்சடித்துக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைக் கழுவலாமா? அமெரிக்காவில் 2024 ஆம் ஆண்டு இந்நோய்க்கென முதன்முதலாக ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் விலையைக் கேட்ட எவரும் அது எங்கள் லயங்களுக்கு விரைவில் வந்து சேரும் என்று நம்பமாட்டார்.

ஆதலால் கோரிக்கைகள் சமுதாயத்தின் முன் வைக்கப்படவேண்டும். 2017 ஆம் ஆண்டில் சீனிப் பானங்கள் மீது சீனியின் அளவைக் கொண்டு வரி விதிக்கப்பட்டது போன்ற முயற்சிகளைக் கம்பனிகளின் நெருக்குதலுக்கு இடங்கொடாமல் வலுப்படுத்தவேண்டும். குத்தரிசியும் குரக்கனும் பயறும் பாணைவிட மலிவாகக் கிடைக்கும்படி விவசாயிக்கும் நுகர்வோனுக்கும் அரசு கைகொடுக்கவேண்டும். தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிட நிலமும், வயிறு நிறைய நல்லுணவு வாங்கப் போதிய கூலியும் வேண்டும். கர்ப்பிணித் தாயின் தட்டிலிருந்தே ஈரல் நோய்த் தடுப்புத் தொடங்கவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளிலே, கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் எட்டும் வகையில், பரிசோதனை இலவசமாகக் கிடைக்கவேண்டும். இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் வென்றெடுத்த மக்களுக்கு இவை பேராசைகள் அல்ல.

ஆசிரிய நண்பர்கள் தமது பாடசாலையிலிருந்தே இதனைத் தொடங்கலாம். சிற்றுண்டிச்சாலையில் எது விற்கப்படுகிறது, விளையாட்டுப் பாடவேளையைப் பரீட்சைக்கென்று யார் பறிக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் வெறும் வயிற்றோடு காலைக் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்திலும் தொழிற்சங்கத்திலும் வாசித்துக் காட்டுங்கள். பாட்டனின் கூழிலே இருந்த நன்மை பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும். அந்தக் கூழை அவனுக்கு விதித்த வறுமை ஒருவருக்கும் வேண்டாம்.